பையில் ஒரு மெல்லிய கயிறு: உண்மையில் எதற்கு உதவும்?

ஒற்றையடிப்பாதை

வணக்கம். போன வாரம் நாலு பேர் ஒரு நாள் மலையேற்றம் போயிருந்தோம். இறங்கும்போது மேகம் மூடிக்கொண்டது, பாதையைத் தவறவிட்டு ஒரு பாறைச் சரிவின் தலையில் போய் நின்றோம். ஏழெட்டு மீட்டர் இருக்கும். நேர்ச் செங்குத்து இல்லை, ஆனால் ஈரம், பாசி. கீழே நாங்கள் விட்டுவந்த பாதை கண்ணுக்குத் தெரிகிறது, அதுதான் வினை.

என் பையில் 15 மீட்டர் பாராகார்டு (பாராசூட் கயிறு மாதிரியான மெல்லிய நைலான் கயிறு) இருந்தது. மூன்று வருடமாகச் சும்மா கிடக்கிறது. கூட வந்தவர் ஒருவர் "இடுப்பில் கட்டி ஒவ்வொருவராக இறங்கலாம், 250 கிலோ தாங்கும் என்று அட்டையிலேயே போட்டிருந்ததே" என்றார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது, ஆனால் ஏன் வேண்டாம் என்று காரணம் சொல்லத் தெரியவில்லை. கடைசியில் யாரும் இறங்கவில்லை. வந்த வழியே ஒன்றரை மணி நேரம் திரும்ப ஏறி, பாதையைக் கண்டுபிடித்து, இருட்டிய பிறகுதான் கீழே வந்து சேர்ந்தோம். "கையில் கயிறை வைத்துக்கொண்டே பயந்தாய்" என்று அவர் இன்னும் கிண்டல் செய்கிறார்.

நான் செய்தது சரியா? இந்தக் கயிறால் ஆளை இறக்க முடியாது என்றால் பிறகு எதற்காக அதைச் சுமக்க வேண்டும்?

பழையபூட்ஸ்

சரி. நூறு தடவை சரி. கிண்டல் செய்ய அவர் உயிரோடு இருப்பதே அதற்குச் சாட்சி.

முடிச்சவிழ்க்கி

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன், அடிக்க வராதீர்கள். 250 கிலோ என்பது யாரோ கயிறு திரித்த கணக்கு இல்லை. பாராசூட்டுக்காக ராணுவம் வகுத்த அளவு, 550 பவுண்டு, அதனால்தான் 550 கார்டு என்றே பெயர். ஆள் 80 கிலோ. மூன்று மடங்கு இடைவெளி இருக்கிறது. ஏழு மீட்டர்ச் சரிவில் முழு எடையும் கயிற்றில் விழப்போவதும் இல்லை, கால் பாறையில்தானே இருக்கும்? அவசரத்துக்கு இது போதாதா?

எட்டுமுடிச்சு

இந்தக் கணக்கை நானும் ஒரு காலத்தில் போட்டவன்தான், அதனால் பொறுமையாகவே சொல்கிறேன்.

250 கிலோ என்பது புதுக் கயிறு, முடிச்சு இல்லாமல், மெதுவாக, நேராக இழுத்தால் அறுகிற அளவு. வேலை செய்ய ஏற்ற எடை இல்லை, அறுகிற எடை. முடிச்சு போட்ட இடத்தில் கயிறு வளைந்து நெருக்கப்படுவதால், முடிச்சைப் பொறுத்து கால் பங்கிலிருந்து பாதி வரை பலம் போய்விடும். எட்டு முடிச்சு கொஞ்சம் கருணையானது, சாதாரண ஒற்றை முடிச்சு மோசம். நைலான் நனைந்தால் இன்னும் பத்துப் பதினைந்து சதவீதம் குறையும். உங்கள் இடத்தில் எல்லாமே ஈரம். ஆக 250 என்பது 150 பக்கத்தில் வந்து நிற்கிறது, இன்னும் பாறை விளிம்பைத் தொடவே இல்லை.

இப்போது கால் வழுக்குகிறது. 80 கிலோ ஆள் ஒரு மீட்டர் விழுந்து கயிறு இறுகுகிறது. மூன்று மீட்டர் கயிறு வெளியே இருக்கிறது, நைலான் நன்றாக நீள்வதால் 60 சென்டிமீட்டர் நீண்டு நிறுத்துகிறது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். அந்த 60 சென்டிமீட்டருக்குள் சராசரி இழுப்பு 80 × 1.6 / 0.6, சுமார் 213 கிலோ. ஆனால் கயிறு வில்லைப் போல இழுக்கும், கடைசிக் கணத்தில் இழுப்பு சராசரியின் இரு மடங்கு. 425 கிலோவுக்கு மேல். கயிறோ 150. இதில் எங்கே மூன்று மடங்கு இடைவெளி?

பாறை ஏறுபவர்களின் டைனமிக் கயிறு இந்த அதிர்ச்சியை வாங்குவதற்கென்றே செய்யப்படுவது, தரச்சோதனையில் 80 கிலோ எடையைத் திரும்பத் திரும்ப விழவிட்டுத்தான் அதைத் தேர்வு செய்கிறார்கள். பாராகார்டை யாரும் அப்படிச் சோதிப்பதில்லை, அது அந்த வேலைக்கு வந்ததே இல்லை.

முடிச்சவிழ்க்கி

ம். விழுந்த பிறகு வரும் இழுப்பை நான் எண்ணவே இல்லை. சரி, ஆனால் மேலே இருப்பவர் தளர்வே விடாமல் இறுக்கிப் பிடித்தால்?

எட்டுமுடிச்சு

பிடித்துப் பாருங்கள். 4 மி.மீ. கயிறை வெறுங்கையால் எத்தனை கிலோவுக்குப் பிடிக்க முடியும்? வீட்டில் ஒரு வாளித் தண்ணீரை அதில் கட்டித் தூக்குங்கள், பத்துப் பதினைந்து கிலோவிலேயே விரலை அறுக்கும். ஆள் வழுக்கினால் கயிறு உள்ளங்கை வழியே ஓடும், தோல் உரியும், பிடித்தவர் விட்டுவிடுவார். அதைத் தவிர்க்கக் கையில் இரண்டு சுற்று சுற்றிக்கொள்வார்கள், அது இன்னும் மோசம், விரல் போகும், இல்லாவிட்டால் அவரும் சேர்ந்து கீழே போவார். இடுப்பில் வெறும் கயிறு கட்டித் தொங்குவது தனிக் கொடுமை. நெஞ்சுக்கூட்டுக்கு ஏறி இறுக்கும், சில நிமிடங்களிலேயே மூச்சு திணறும்.

கூழாங்கல்

ஒன்று கேட்கவா? அந்தச் சரிவின் தலைக்கு எப்படி வந்து சேர்ந்தீர்கள் என்பதுதானே முதல் கேள்வி? பாதை தவறியதை எப்போது உணர்ந்தீர்கள்? இருட்டிய பிறகு இறங்கியதாக எழுதியிருக்கிறீர்கள், தலைவிளக்கு எத்தனை இருந்தது?

ஒற்றையடிப்பாதை

அவமானம்தான், சொல்லிவிடுகிறேன். நாலு பேருக்கு இரண்டு விளக்கு. பாதை தவறியது அரை மணி நேரம் முன்பே எனக்கு உறைத்தது, கீழேதானே போகிறோம் என்று விட்டுவிட்டேன்.

கூழாங்கல்

அதேதான். கயிறு பையில் இருக்கும் தைரியம் சில பேரை இன்னும் இரண்டடி கீழே இறக்கிவிடும். திரும்ப ஏற முடியாத இடத்தில் இறங்காதே என்பது பழைய விதி. நீங்கள் அந்த விளிம்பில் நின்றது அதிர்ஷ்டம். பாதி இறங்கி, மேலேயும் போக முடியாமல் கீழேயும் போக முடியாமல் மாட்டியவர்களைத் தேடித்தான் மீட்புக் குழுக்கள் ராத்திரியில் அலைகின்றன. அடுத்த முறை அந்த 15 மீட்டர் கயிறுக்கு முன்னால் மூன்றாவது, நாலாவது விளக்கை வைத்துக்கொள்ளுங்கள்.

பழையபூட்ஸ்

விளக்கு விஷயத்தில் கூழாங்கல் சொன்னதற்கு என் ஓட்டு. ஆனால் கயிறை அப்படி ஒதுக்கிவிடாதீர்கள், இரண்டாவது கேள்விக்கு யாரும் இன்னும் பதிலே சொல்லவில்லை.

முப்பது வருடமாக நடக்கிறேன், கயிறு இல்லாமல் கிளம்பியதில்லை. அதில் ஒரு முறைகூட ஆளைத் தொங்கவிட்டதில்லை. ஒரு தடவை நடுக்காட்டில் பூட்ஸின் அடிப்பாகம் வாயைப் பிளந்துவிட்டது. வருடக்கணக்கில் அலமாரியில் வைத்திருந்த ஜோடி, பார்க்கப் புதிது போலத்தான் இருந்தது. நடு அடுக்கில் இருக்கும் பாலியூரித்தேன், போட்டாலும் போடாவிட்டாலும் காற்றிலுள்ள ஈரத்திலேயே மெல்லச் சிதையும் என்று அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். முன்விரல் பக்கம் ஒரு கட்டு, பாதத்தின் வளைவில் ஒரு கட்டு, கணுக்காலைச் சுற்றி ஒன்று. கீழே கயிறு செல்லும் இடம் அடிப்பாகத்தின் பள்ளத்துக்குள் அமர வேண்டும், மேட்டில் அமர்ந்தால் கல்லில் தேய்ந்து கொஞ்ச நேரத்தில் அறுந்துவிடும். எனக்கு மூன்று முறை அறுந்தது. ஆனால் வீடு வந்து சேர்ந்தேன், பதினோரு கிலோமீட்டர்.

இன்னொரு தடவை கூட வந்தவரின் பையில் தோள்பட்டை பிய்ந்துவிட்டது. கயிற்றின் உறையை உரித்து உள்ளே இருக்கும் புரி ஒன்றை எடுத்து ஊசியில் கோத்துத் தைத்தோம். நல்ல கயிறாக இருந்தால் உறைக்குள் ஏழு புரிகள் இருக்கும், ஒவ்வொன்றும் தனியாகவே பதினைந்து கிலோ அளவுக்குத் தாங்கும். அறுந்த ஷூ லேஸ், உடைந்த ஊன்றுகோல், காற்றில் பறக்கும் தார்ப்பாய் என்று சின்னச் சின்ன விஷயங்களில்தான் நாள் கெட்டுப்போகும், அங்கேதான் கயிறு நாளைக் காப்பாற்றும்.

மேகமூட்டம்

தார்ப்பாயைப் போகிற போக்கில் சொல்லிவிட்டீர்கள், என் கணக்கில் அதுதான் கயிற்றின் முதல் வேலை. கணுக்கால் பிசகி ஒருவர் நடக்க முடியாமல் உட்கார்ந்தால், மழையிலும் காற்றிலும் உடம்புச் சூடு போவதுதான் அடுத்த அபாயம், அதற்குக் கடுங்குளிர்கூட வேண்டியதில்லை. இரண்டு மரத்துக்கு நடுவில் ஒரு கயிறு, மேலே ஒரு பாய், காற்றடிக்கும் பக்கம் தரையோடு தாழ்த்திக் கட்டினால் ஐந்து நிமிடத்தில் ஒரு ஒதுங்கிடம். இதற்கு ஏழெட்டு மீட்டர் போதும், நாலு மூலைக்கும் ஒவ்வொரு மீட்டர் துண்டு. நடுங்கும் கையோடு முடிச்சு போட வராது, அதனால் மூலைத் துண்டுகளை வீட்டிலேயே கட்டிவைத்துவிடுவேன்.

இளங்காற்று

நான் புதுசு. கை வளையலாகப் பின்னி விற்கிறார்களே, அது போதுமா அண்ணா? எப்போதும் கையிலேயே இருக்குமே.

பழையபூட்ஸ்

தம்பி, ஒரு வளையலைப் பிரித்தால் இரண்டரை மீட்டர் கிடைக்கும். லேசுக்கு ஆகும், தார்ப்பாய்க்கு ஆகாது. பின்னியதைப் பிரித்து எடுப்பதற்குள் மழை விட்டுவிடும்.

கிராம்கணக்கு

எடையைப் பற்றி யாரும் பேசவில்லை, நான் பேசாமல் இருக்க முடியுமா. பாராகார்டு மீட்டருக்கு ஆறேழு கிராம். 15 மீட்டர் நூறு கிராம். நான் அதை விட்டு வருடங்கள் ஆகின்றன. 1.75 மி.மீ. டைனீமா (மிக வலுவான பாலித்தீன் இழைக் கயிறு) வைத்திருக்கிறேன், அதே நீளம் 25 கிராம் பக்கத்தில், உள்ளங்கையில் அடங்கும். பலம் பாராகார்டுக்குக் கிட்டத்தட்டச் சமம். தண்ணீர் குடிக்காது, தண்ணீரில் மிதக்கும், நீளவே நீளாது. கூடாரமும் தார்ப்பாயும் கட்ட இதைவிட வேறென்ன வேண்டும்?

எட்டுமுடிச்சு

கூடாரத்துக்கு அருமை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மூன்று விஷயம். டைனீமா வழுவழுப்பானது, சாதாரண முடிச்சுகள் மெல்ல நழுவி அவிழும், கூடுதல் சுற்று போட்டு வாலை நீளமாக விட வேண்டும். உருகும் வெப்பம் 145 டிகிரி செல்சியஸ் அளவுதான், நைலான் 200ஐத் தாண்டும். அப்புறம், நீளாது என்பதைப் பெருமையாகச் சொன்னீர்கள், கூடாரத்துக்கு அது பெருமை, விழுகிற பொருளை நிறுத்துவதற்கு அதுவே எமன், அதிர்ச்சி முழுக்கக் கட்டிய இடத்துக்கே போகும். உறையை உரித்து நூல் எடுக்கும் வித்தையும் அந்த மெல்லிசில் நடக்காது.

கிராம்கணக்கு

நூலுக்கு ஊசியோடு இரண்டு மீட்டர் பல் நூல் வைத்திருக்கிறேன். ஒரு கிராம்கூட இல்லை :)

நீரோட்டம்

ஆற்றைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் "பாதுகாப்புக்குக் கயிறு" என்றதும் பாதிப் பேருக்கு ஆற்றின் குறுக்கே கட்டுவதுதான் நினைவுக்கு வரும்.

ஒரு முறை நாங்கள் இரண்டு கரைக்கும் குறுக்கே, ஓட்டத்துக்குச் செங்கோணத்தில், கயிறைக் கட்டினோம். தடித்த நல்ல கயிறு. தொடையளவுத் தண்ணீர். முதலில் போனவர் நடுவில் கால் தடுமாறிக் கயிற்றைக் கட்டிப்பிடித்தார். அவர் எடையோடு ஓட்டமும் சேர்ந்து கயிறை நடுவில் வில்லாக இழுத்துவிட்டது. அந்த வளைவின் அடியில் அவர், இரண்டு பக்கமும் மேட்டேற்றம் மாதிரி, எந்தக் கரைக்கும் நகர முடியவில்லை. தலைமேல் தண்ணீர் ஏறுகிறது. எங்களில் ஒருவருக்குப் புத்தி வேலை செய்து எங்கள் பக்கத்து முனையை அவிழ்த்துவிட்டார். கயிறு ஊசல் மாதிரி சுழன்று அவரை எதிர்க்கரையில் கொண்டுபோய் ஒதுக்கியது. அவர் அதை விடாமல் பிடித்திருந்தார், அவ்வளவுதான் எங்கள் புண்ணியம். இடுப்பில் கட்டியிருந்து கயிறு எங்காவது பாறையில் மாட்டியிருந்தால், தண்ணீரின் வேகமே அவரை அடியில் அமுக்கி வைத்திருக்கும்.

அதனால், ஓடும் தண்ணீரில் ஆளைக் கயிற்றில் கட்டக் கூடாது. பிடித்துக்கொள்ளலாம், வேண்டாம் என்றால் விட முடிய வேண்டும். நீர்மீட்புக்கு வரும் எறிகயிறு இதைவிடத் தடிமனாக, மிதக்கிற மாதிரி இருப்பதும், பையிலிருந்து தானாக உருவி வருவதும் இதற்காகத்தான். பாராகார்டு மூழ்கும், ஈரக் கைக்கு வழுக்கும். ஆறு பெருகியிருந்தால் அகலமான ஆழமற்ற இடம் தேடுங்கள், இல்லையென்றால் காத்திருங்கள். கடக்கும்போது பையின் இடுப்புப் பட்டையைக் கழற்றிவிடுங்கள்.

முடிச்சவிழ்க்கி

படிக்கும்போதே மூச்சு முட்டுகிறது. நான் ஆற்றில் ஆளைக் கட்டியிருக்கிறேன், இரண்டு முறை. ஒன்றும் ஆகவில்லை என்பதால் சரி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எட்டுமுடிச்சு

ஒற்றையடிப்பாதை நின்ற மாதிரி இடத்துக்கு என்னதான் தீர்வு என்று யாராவது கேட்பதற்குள் சொல்லிவிடுகிறேன். பிரிட்டனில் மலைநடை வழிகாட்டிகளுக்கான பயிற்சியில் அவசரக் கயிறு பயன்பாடு ஒரு பாடமாகவே இருக்கிறது. அவர்கள் வைத்திருப்பது பொதுவாக 8 அல்லது 9 மி.மீ. தடிமனில் 30 மீட்டர் போல. 8 மி.மீ. என்றாலும் ஒரு கிலோவுக்கு மேல் வரும். பெரிய அசையாத பாறையில் நங்கூரம் போட்டு, மேலே உட்கார்ந்து, உடம்பைச் சுற்றிக் கயிறை விட்டுப் பிடிப்பார்கள். இதெல்லாம் வழுக்கினால் நிறுத்துவதற்கு, அந்தரத்தில் தொங்குவதற்கு இல்லை. முக்கியமான விஷயம், கயிறு தேவைப்படும் என்று தெரிந்தே போகிற பாதை அந்தத் தகுதியின் எல்லைக்கு வெளியே. எதிர்பாராமல் மாட்டினால் மட்டும். பயிற்சி இல்லாமல் அந்த ஒரு கிலோவைச் சுமப்பது பாராகார்டைச் சுமப்பதைவிட ஆபத்து, நம்பிக்கை இன்னும் கூடுமே.

உங்கள் 15 மீட்டரால் அங்கே செய்யக்கூடியது ஒன்று உண்டு. இறங்கவும் ஏறவும் நிச்சயமாக முடிகிற சின்னப் படியாக இருந்தால், பைகளை முதலில் கயிற்றில் இறக்கிவிட்டு, வெறும் முதுகோடு பாறையைப் பார்த்தபடி இறங்கலாம். பத்துக் கிலோ பை முதுகில் இல்லாதபோது சமநிலையே வேறு. கீழே யாரும் நிற்கக் கூடாது. நீங்கள் விவரித்த பாசிச் சரிவில் அதையும் செய்திருக்க மாட்டேன்.

மேகமூட்டம்

முதலுதவிக்கும் ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். ரத்தம் பீறிட்டால் இந்தக் கயிறை இறுக்குப்பட்டையாகக் கட்டாதீர்கள். சரியான பட்டை நாலு சென்டிமீட்டராவது அகலம் இருக்கும், மெல்லிய கயிறு சதையையும் நரம்பையும் நசுக்கும், ரத்தமும் ஒழுங்காக நிற்காது. காயத்தின் மேல் துணி வைத்து நேராக, விடாமல் அழுத்துவதுதான் முதலில். எலும்பு முறிவுக்குக் கட்டை வைத்துக் கட்டும்போதும் துணிப்பட்டைதான் நல்லது. கயிறே கதி என்றால் அடியில் நிறைய மெத்தை கொடுங்கள். வீக்கம் கூடக்கூட இறுகும், அதனால் கால்விரல் சூடாக இருக்கிறதா, உணர்வு இருக்கிறதா என்று அடிக்கடி பாருங்கள்.

இளங்காற்று

கத்தி கொண்டுபோக முடியாத பயணங்களில் கயிறை எப்படி வெட்டுவது?

எட்டுமுடிச்சு

கயிறாலேயே. வெட்ட வேண்டிய இடத்தை ஒரு காலுக்கும் கைக்கும் நடுவில் இறுக்கிவைத்து, இன்னொரு துண்டை அதன் மேல் போட்டு ஒரே இடத்தில் வேகமாக முன்னும் பின்னும் இழுங்கள். உராயும் சூட்டில் நைலான் உருகிக் கொஞ்ச நேரத்தில் துண்டாகும். நைலான் மேல் நைலான் ஓடக் கூடாது என்று சொல்வதன் காரணமும் இதுவே, இதைக் கண்ணால் ஒருமுறை பார்த்தால் மறக்காது.

கூழாங்கல்

என் புகார் வேறு. எல்லோரும் கயிறு வைத்திருக்கிறார்கள், எடுத்தால் இடியாப்பம். மழையில் நின்று சிக்கு எடுத்த அனுபவம் யாருக்கு இல்லை?

பழையபூட்ஸ்

கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவில் எட்டு வடிவில் சுற்றி, கடைசி ஒரு முழத்தை நடுவில் இறுக்கிச் சுற்றி நுனியைச் செருகிவிடுங்கள். வட்டமாகச் சுற்றினால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு முறுக்கு ஏறும், எட்டில் ஏறாது. அதற்கும் சோம்பல் என்றால் சின்னப் பைக்குள் ஒரு நுனியிலிருந்து விரலால் திணித்துக்கொண்டே போங்கள். ஒழுங்கே இல்லாமல் திணித்தது ஒழுங்காக வெளியே வரும், நீரோட்டம் சொன்ன எறிகயிறு பையின் சூட்சுமமும் இதுதான்.

ஒற்றையடிப்பாதை

எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி அந்த மூன்று வருடக் கயிறை எடுத்து நுனியை வெட்டிப் பார்த்தேன். உறைக்குள் ஏழு புரி இல்லை. முறுக்கே இல்லாத பஞ்சு மாதிரி ஒரே கற்றை. வாளித் தண்ணீர்ச் சோதனையும் செய்தேன், பதினைந்து லிட்டர், இரண்டாவது மாடிப் படிக்கட்டு வரைகூட வெறுங்கையால் தூக்க முடியவில்லை, கோடு விழுந்த உள்ளங்கையைப் படமெடுத்து நண்பருக்கு அனுப்பினேன். அவர் ரொம்ப நேரம் பதில் போடவில்லை. அப்புறம் "வாளி எந்த அளவு?" என்று கேட்டார். வீட்டில் முயன்று பார்த்திருக்கிறார் போல.

நல்ல கயிறு பத்து மீட்டரும், மூலைக்கு நாலு துண்டும், ஆளுக்கொரு விளக்கும் என்று முடிவு செய்திருக்கிறோம். இந்தப் போலியைத் தூக்கிப் போடவா, வேறு எதற்காவது ஆகுமா?

பழையபூட்ஸ்

துணி காயப்போடுங்கள். வெட்டிய நுனியை நெருப்பில் காட்டி உருக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் உறை பின்னுக்குப் போய்விடும். உருகிய நுனியை விரலால் நசுக்காதீர்கள், தோலோடு ஒட்டும். எனக்கு ஒட்டியிருக்கிறது.